பழைய காக்பிட்ல இன்ஜினியருங்க அப்படி என்னத்த பாக்குறாங்க

எந்த பயணிகள் விமானத்தோட காக்பிட் போட்டோவ வேணா எடுத்து பெருசு பண்ணி பாருங்க. பெரும்பாலும் லேண்டிங் கியர், அதாவது சக்கரத்த இறக்கி மடக்குற லீவரோட நுனில குட்டி சக்கரம் மாதிரி ஒரு குமிழ் இருக்கும், ஃபிளாப் (இறக்கையோட பின்விளிம்புல இறங்கி ஏறுற பலகை) லீவரோட நுனி இறக்கைல ஒரு துண்டு வெட்டி ஒட்டின மாதிரி தட்டையா இருக்கும். யாரோ டிசைனர் அழகுக்கு வச்சதுன்னுதான் முதல்ல தோணும். ஆனா இது ரெண்டாம் உலகப்போர்ல பொறந்த விஷயம். பி-17 குண்டுவீச்சு விமானங்கள் நல்லபடியா தரையிறங்கி ரன்வேல ஓடிக்கிட்டு இருக்கும்போதே பைலட் ஃபிளாப்ப மடக்குறதா நினைச்சு சக்கரத்த மடக்கிடுவாரு, அவ்வளவு பெரிய விமானம் வயித்த தேச்சுக்கிட்டு தரையில உக்காந்துடும். பைலட் தப்பு, களைப்பு, கவனக்குறைவுன்னு எழுதி ஃபைல மூடிக்கிட்டு இருந்தாங்க. அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ்னு ஒரு உளவியல் ஆளு, அமெரிக்க ராணுவத்துக்காக வேலை பாத்தவரு, பைலட்ட விட்டுட்டு காக்பிட்ட போய் பாத்தாரு. ரெண்டு கண்ட்ரோலும் பக்கத்து பக்கத்துல, ஒரே வடிவத்துல, தொட்டு பாத்தா வித்தியாசமே தெரியாத மாதிரி இருந்துச்சு. அதே போர்ல பறந்த சி-47 சரக்கு விமானத்துல கண்ட்ரோல் வேற மாதிரி அமைஞ்சிருந்ததால அங்க இந்த பிரச்சனையே இல்ல. அப்புறம்தான் ஒண்ணுக்கு சக்கரம், இன்னொண்ணுக்கு இறக்கைன்னு குமிழ் வடிவத்த மாத்துனாங்க. இன்னிக்கு அமெரிக்க விமான விதிமுறைலயே இந்த வடிவங்கள் இப்படித்தான் இருக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க.

விண்வெளி, விமானம், பழைய டிசைன் இந்த மூணும் ஏன் ஒரே ஆளுகிட்ட சேர்ந்து இருக்குன்னு நெறைய பேர் கேப்பாங்க. இன்ஜினியரிங் படிச்சவங்க கூட்டத்துல பத்து பேர எடுத்தா அதுல ஒருத்தராவது நிலாவுக்கு ஆள் அனுப்புன அப்போலோ திட்டம் பத்தி ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, ஒலிய விட வேகமா பறந்த கான்கார்டு பயணிகள் விமானத்தோட பேர சொன்னா முகமே மாறும், டேபிள் மேல ஏதாவது பழைய மீட்டரோ டாகிள் ஸ்விட்ச்சோ இருக்கும். பழைய காலத்து மேல ஏக்கம்னு இத சுலபமா சொல்லிட்டு போயிடுறாங்க, ஆனா இதுல முக்கால்வாசி பேர் அந்த காலத்துல பொறக்கவே இல்ல, பாக்காத காலத்துக்கு என்ன ஏக்கம் வரும்? எனக்கு தெரிஞ்சு காரணம் வேற. அந்த மிஷின்கள்ல ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு காரணம் இருக்கு, அந்த காரணத்த வெளியில இருந்தே கண்ணால படிக்க முடியுது. எந்த நெருக்கடில மாட்டிக்கிட்டு இந்த முடிவ எடுத்தாங்கன்னு உருவத்த வச்சே பின்னாடி போய் கண்டுபிடிக்கலாம். இன்னைய போன திறந்து பாத்தா ஒரு கருப்பு சிப்பும் கொஞ்சம் பசையும்தான் தெரியும், காரணம் எல்லாம் உள்ள போயிடுச்சு.

போயிங் 747 தலைல இருக்குற திமில எடுத்துக்கோங்க, உலகத்துல எந்த குழந்தையும் அந்த உருவத்த பாத்து பேர் சொல்லும். 1960கள்ல போயிங்ல எல்லாரும் நம்புனது என்னன்னா, இன்னும் கொஞ்ச வருஷத்துல பயணிகள் எல்லாம் ஒலிய விட வேகமா போற விமானத்துக்கு மாறிடுவாங்க, 747 சரக்கு விமானமாத்தான் காலம் தள்ளணும்னு. சரக்கு விமானம்னா மூக்க தூக்கி முன்பக்கமா நீளமான பெட்டிகள உள்ள தள்ளணும். மூக்கு தூக்கணும்னா காக்பிட் அங்க இருக்க கூடாது, அதனால காக்பிட்ட மேல ஏத்துனாங்க, ஏத்துனதுக்கு பின்னாடி காத்து சுழிக்காம வழுக்கிட்டு போக சரிவா ஒரு முதுகு போட்டாங்க, அதுதான் திமில். 1969 பிப்ரவரி 9ல 747 முதல் தடவ பறந்துச்சு, மூணு வாரம் கழிச்சு மார்ச் 2ல கான்கார்டு பறந்துச்சு. எது எதை முடிச்சு வைக்கும்னு நினைச்சாங்களோ அது நடக்கல, கான்கார்டு 2003ல ஓய்வு எடுத்துச்சு, 747 தயாரிப்பு அதுக்கப்புறமும் கிட்டத்தட்ட 20 வருஷம் ஓடி 1,574 விமானங்களோட முடிஞ்சுது. 2023 ஜனவரில ஒப்படைச்ச கடைசி விமானம் என்னன்னு கேட்டா, மூக்கு திறக்குற சரக்கு 747. திமிலுக்கான முதல் காரணம் கடைசி விமானம் வரைக்கும் வேலை செஞ்சுது.

கான்கார்டும் அப்படித்தான். கீழ வளையுற மூக்கு ஸ்டைலுக்கு இல்ல, முக்கோண வடிவ டெல்டா இறக்கைக்கு மெதுவா பறக்கும்போது தூக்கு விசை போதாது, மூக்க நல்லா தூக்கி வச்சாதான் நிக்கும், மூக்க தூக்குனா பைலட்டுக்கு ரன்வே தெரியாது, சரி மூக்கையே மடக்குவோம்னு முடிவு. வெள்ளை பெயிண்டும் அதே மாதிரி, மாக் 2, அதாவது ஒலிய விட ரெண்டு மடங்கு வேகத்துல மூக்கு நுனி கிட்டத்தட்ட 127 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாகும், அலுமினியம் அதுக்கு மேல தாங்காது, கொஞ்சம் வெப்பமாவது வெளிய போகட்டும்னு வெள்ளை. ஒலி வேகத்த தாண்டுனா தூக்கு விசையோட மையம் பின்னாடி நகரும், அத சமாளிக்க டன் கணக்குல எரிபொருள முன் டேங்க்ல இருந்து பின் டேங்க்குக்கு பம்ப் பண்ணுவாங்க, திரும்ப வேகம் குறையும்போது முன்னாடி கொண்டு வருவாங்க. எனக்கு இதுல எல்லாம் ரொம்ப பிடிச்சது வேற ஒண்ணு. சூட்டுல விமானத்தோட உடம்பே நீளும், 15 சென்டிமீட்டருக்கு மேல. தரையில ஒட்டிக்கிட்டு இருக்குற ஃபிளைட் இன்ஜினியர் பேனலுக்கும் பக்கத்து சுவருக்கும் நடுவுல பறக்கும்போது ஒரு இடைவெளி திறக்கும், கைய விடலாம். கடைசி பயணங்கள்ல சில ஃபிளைட் இன்ஜினியருங்க தொப்பிய கழட்டி அந்த இடுக்குல சொருகிட்டாங்க. விமானம் ஆறுனதும் இடுக்கு மூடிக்கிச்சு, தொப்பி இனிமே வெளிய வராது.

எஸ்ஆர்-71 உளவு விமானத்துல இதே பிரச்சனைக்கு நேர் எதிர் பதில். மாக் 3க்கு மேல போனா அலுமினியம் ஆகவே ஆகாது, டைட்டானியம்தான், சூட்ட கதிர்வீச்சா வெளிய தள்ளுறதுல கருப்பு நல்லா வேலை செய்யும்னு கருப்பு பெயிண்ட். பறக்கும்போது விரிவடையும்னு தெரிஞ்சே தகடுகள வடிவமைச்சதால தரையில நிக்கும்போது எரிபொருள் சொட்டிக்கிட்டே இருக்கும். அந்த குடும்பத்து விமானங்களுக்கு வேண்டிய டைட்டானியம் அமெரிக்காகிட்ட போதுமான அளவு இல்ல, போலி கம்பெனிகள் வழியா சோவியத் யூனியன்ல இருந்தே வாங்குனாங்க, எந்த நாட்ட வேவு பாக்க போறாங்களோ அந்த நாட்டுல இருந்தே.

இப்போ விண்வெளிக்கு வருவோம், இங்கதான் நான் நின்னு நிதானமா பாக்க ஆசைப்படுறேன். அப்போலோ கைடன்ஸ் கம்ப்யூட்டர், அதாவது கலத்துக்கு வழி காட்டுற கம்ப்யூட்டர், எம்ஐடி இன்ஸ்ட்ருமென்டேஷன் லேப்ல வடிவமைச்சு ரேதியான் கம்பெனி தயாரிச்சது. எடை 32 கிலோ, எடுக்குற கரண்ட் 55 வாட், பழைய காலத்து குண்டு பல்பு ஒண்ணு எரியுற அளவு. எழுதி அழிக்கிற மெமரி 2,048 வார்த்தை, அழிக்க முடியாத மெமரி 36,864 வார்த்தை, ஒரு வார்த்தைன்னா 16 பிட், அதுல ஒண்ணு சரிபார்க்கிற பேரிட்டி பிட். இந்த அழிக்க முடியாத மெமரிக்கு பேரு கோர் ரோப். குட்டி குட்டி காந்த வளையங்கள், அதுக்குள்ள மெல்லிசு செப்பு கம்பி. கம்பி வளையத்துக்குள்ள போனா அது ஒண்ணு, வளையத்துக்கு வெளிய போனா அது சைபர். அதாவது புரோகிராம கம்பியால நெய்யணும், மாசச்சூசெட்ஸ்ல இருந்த ரேதியான் ஃபேக்டரில பெண் தொழிலாளிகள் உக்காந்து ஊசியால நெய்தாங்க, துளை போட்ட டேப் படிச்சு ஒரு மிஷின் எந்த வளையத்துக்குள்ள ஊசி போகணும்னு நகர்த்தி காட்டும், அவங்க கம்பிய அந்த பக்கம் தள்ளி இந்த பக்கம் வாங்குவாங்க. ஒரு பிட் தப்புன்னா ஒரு கம்பி தப்பு. நெய்ய ஆரம்பிச்சுட்டா கோடு மாத்த முடியாது, அதனால பயணத்துக்கு பல மாசம் முன்னாடியே சாஃப்ட்வேர முடிச்சு கையெழுத்து போட்டு குடுத்தாகணும். அப்டேட் அப்புறம் விட்டுக்கலாம்ங்கற பேச்சே கிடையாது. இந்த கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுன மார்கரெட் ஹாமில்டன் குழுவோட சாஃப்ட்வேர் இவ்வளவு கட்டுக்கோப்பா இருந்ததுக்கு இந்த கம்பியும் ஒரு காரணம்னு நான் உறுதியா நம்புறேன்.

அந்த கம்ப்யூட்டரோட முகம் டிஸ்கி. 19 பட்டன், பச்சையா ஒளிர்ற எண்கள், பக்கத்துல எச்சரிக்கை விளக்குகள். வெர்ப்னு ஒரு பட்டன், நவுன்னு ஒரு பட்டன், என்ன செய்யணும்ங்கறது ரெண்டு இலக்கம், எத வச்சு செய்யணும்ங்கறது ரெண்டு இலக்கம். வெர்ப் 16 நவுன் 36 போட்டு என்டர் அடிச்சா கம்ப்யூட்டரோட கடிகாரம் மணி, நிமிஷம், செகண்டுன்னு மூணு வரிசைல ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு வரிசைக்கு ஒரு பிளஸ் மைனஸ் குறியும் அஞ்சு இலக்கமும், அவ்வளவுதான். அலகு கிடையாது, தசம புள்ளி கூட கிடையாது, அது எங்க வரும்ங்கறது விண்வெளி வீரர் மனசுல இருக்கணும், இல்லன்னா பக்கத்துல ஒட்டி வச்ச அட்டைல இருக்கணும். அந்த பச்சை எண்கள் எலக்ட்ரோலூமினசென்ட் வகை, ஒளிர ஹை வோல்டேஜ் ஏசி வேணும், கம்ப்யூட்டரோட சிப்புகளால அத நேரடியா ஓட்ட முடியாது, அதனால உள்ள சின்ன சின்ன ரிலேக்கள். ஒவ்வொரு எண்ணு மாறும்போதும் ரிலே டிக் டிக்னு அடிக்கும். இன்னிக்கு டிஸ்கிய வீட்டுல செஞ்சு வச்சிருக்கவங்க பல பேர் எல்இடி போட்டு செய்றாங்க, அது தப்பில்ல, ஆனா எனக்கு ரிலே சத்தத்தோட செஞ்சவங்க மேல தனி மரியாதை.

1969 ஜூலை 20, அப்போலோ 11ஓட இறங்குகலம் ஈகிள் நிலாவுல இறங்கிக்கிட்டு இருக்கும்போது இதே டிஸ்கில 1202னு அலாரம் வந்துச்சு. ரென்டெவூ ரேடார் (மேல சுத்துற தாய்க்கலத்த கண்டுபிடிக்கிற ரேடார்) ஸ்விட்ச் இருந்த நிலையும் மின்சார சிக்னல்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாததும் சேர்ந்து, அந்த நேரத்துல யாருக்கும் தேவையில்லாத எண்ணிக்கைகளா கம்ப்யூட்டருக்குள்ள கொட்டிக்கிட்டே இருந்துச்சு, அதோட நேரத்துல ஒரு பங்க அதுவே தின்னுடுச்சு. வேலைகள வைக்க இடம் இல்லன்னு கம்ப்யூட்டர் சொன்னதுதான் 1202. ஆனா எம்ஐடி லேப்ல ஹால் லேனிங் வடிவமைச்ச எக்ஸிக்யூட்டிவ்ங்கற புரோகிராம், வேலைகள முக்கியத்துவ வரிசைல ஓட்டும், நெருக்கடி வந்தா எல்லாத்தையும் கீழ போட்டுட்டு இறங்குறதுக்கு வேண்டிய கணக்க மட்டும் விட்ட இடத்துல இருந்து திரும்ப எடுக்கும். அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, இறங்குற கணக்கு நிக்கவே இல்ல. 2,048 வார்த்தை மெமரில எது போனாலும் பரவால்ல, எது போகவே கூடாதுன்னு முன்கூட்டியே உக்காந்து முடிவு பண்ணிருந்தாங்க பாருங்க, அங்கதான் என் மனசு போய் நிக்குது.

ஸ்விட்ச் கதையும் ஒண்ணு சொல்லியே ஆகணும். 1969 நவம்பர் 14, அப்போலோ 12 கிளம்பி 36 செகண்டுல மின்னல் அடிச்சுது, 52வது செகண்டுல திரும்பவும். உள்ள எச்சரிக்கை விளக்கெல்லாம் ஒண்ணா எரியுது, தரையில டெலிமெட்ரி, அதாவது கலத்துல இருந்து வர்ற அளவுகள், எல்லாம் குப்பை எண்ணா வருது. கன்சோல்ல இருந்தது ஜான் ஆரன், வயசு 26. ஒரு வருஷம் முன்னாடி ஒரு டெஸ்ட்ல இதே மாதிரி விசித்திரமான எண்கள பாத்து அது எதனால வந்துச்சுன்னு விடாம தோண்டி எடுத்திருந்தாரு. எஸ்சிஇய (சென்சார் சிக்னல்கள டெலிமெட்ரிக்கு ஏத்த மாதிரி மாத்துற கருவி) ஆக்ஸ்ல, அதாவது மாற்று நிலைல, போடுங்கன்னாரு. ஃபிளைட் டைரக்டருக்கு அந்த ஸ்விட்ச் தெரியல, மேல கமாண்டர் பீட் கான்ராடுக்கும் புரியல. ஆலன் பீனுக்கு தெரிஞ்சுது, அவரு பக்கத்துலதான் அது இருந்துச்சு, தட்டுனாரு, டெலிமெட்ரி திரும்ப வந்துச்சு, பயணம் தொடர்ந்துச்சு. நூத்துக்கணக்கான ஸ்விட்ச்சுல ஒண்ணு. ஸ்விட்ச்சுக்கு ரெண்டு பக்கமும் வளையமா கம்பி வச்சிருப்பாங்க, மிதந்து போகும்போது காலோ முழங்கையோ பட்டு தட்டிடக்கூடாதுன்னு. இப்போ ரெட்ரோ பேனல் செய்றவங்க இந்த வளையத்த அழகுக்கு வைக்கிறாங்க, அது எதுக்குன்னு தெரிஞ்சு வச்சா இன்னும் அழகா இருக்கும்.

ரஷ்யப் பக்கம் குளோபஸ்னு ஒரு கருவி, இத பத்தி தமிழ்ல யாரும் அதிகமா பேசி நான் பாக்கல, அதான் கொஞ்சம் சொல்றேன். விண்வெளிக்கு முதல்ல போன மனுஷன் ககாரின் 1961 ஏப்ரல் 12ல போன வோஸ்டோக் கலத்துலயே இதோட முதல் வடிவம் இருந்துச்சு. பேனல்ல ஒரு ஜன்னல், அதுக்குள்ள ஒரு குட்டி பூமி உருண்டை மெதுவா சுத்தும், கண்ணாடி மேல இருக்குற குறிக்கு நேரா எந்த நாடு வருதோ அது மேல நீங்க பறக்குறீங்கன்னு அர்த்தம். பக்கத்துல அட்சரேகை, தீர்க்கரேகை காட்டுற டயல்கள். கணக்கு போடுறது முழுக்க பல்சக்கரம், கேம், டிஃபரென்ஷியல் கியர்தான், சிப்பும் கிடையாது, புரோகிராமும் கிடையாது. வெளிய இருந்து செகண்டுக்கு ஒரு பல்ஸ் வரும், அது ஒரு ராட்செட்ட ஒரு பல் தள்ளும், அங்க இருந்து எல்லாம் நகரும். பூமி தன்னைத்தானே சுத்துறதும் கப்பல் பூமிய சுத்துறதும் ரெண்டும் சேரணும்ல, அந்த கூட்டல டிஃபரென்ஷியல் செய்யுது. இன்னொரு நிலைக்கு ஸ்விட்ச் பண்ணா, இப்போ எஞ்சின எரிச்சு இறங்க ஆரம்பிச்சா எங்க போய் விழுவீங்கங்கற இடத்துக்கு உருண்டை சுத்தி நிக்கும், கடலா காடான்னு கண்ணாலயே பாத்துக்கலாம். குளோபஸ் தானா எதையும் அளக்காது, தரையில இருந்து சொல்ற எண்கள வீரர் கையால திருகி வைக்கணும், அதுக்கப்புறம் அதுபாட்டுக்கு ஓடும். சுற்றுப்பாதையோட சாய்வு கியருக்குள்ளயே 51.8 டிகிரின்னு பதிஞ்சு கிடக்கு, மாத்தவே முடியாது. ரஷ்யாவோட சோயுஸ் கலத்துல இது 2002 வரைக்கும் பறந்துச்சு, சோயுஸோட டிஎம்ஏ வகை வந்ததும் ஸ்கிரீன் அந்த இடத்த எடுத்துக்கிச்சு. விண்வெளி நிலையத்துல லேப்டாப் இருந்த காலத்துலயும் கூட்டிட்டு போற கப்பல்ல பல்சக்கரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

மனுஷன் உள்ள உக்காரணும்ங்கற விஷயத்துல ரெண்டு நாடும் இன்ஜினியர் இல்லாதவங்களயும் கூப்பிட்டாங்க. கலினா பலாஷோவா ஒரு ஆர்க்கிடெக்ட், சோயுஸ் உள்ளமைப்பு அவங்க வேலை, மேல கீழன்னு எதுவுமே இல்லாத இடத்துல தரைக்கு அடர் நிறம், கூரைக்கு வெளிர் நிறம் குடுத்து மூளைக்கு ஒரு பிடிமானம் குடுத்தாங்க. நாசா தன்னோட விண்வெளி நிலையமான ஸ்கைலாப்புக்கு ரேமண்ட் லோவிங்கற டிசைனர கூப்பிட்டுச்சு, ஜன்னல் வேணும்னு அவரு பிடிவாதமா நின்னாரு, செலவு, எடை, கட்டமைப்பு சிக்கல்னு இன்ஜினியருங்க எதிர்த்தாங்க, கடைசில ஜன்னல் வந்துச்சு. ஸ்கைலாப்ல இருந்தவங்க ஓய்வு நேரத்த அந்த ஜன்னல் பக்கத்துலதான் கழிச்சாங்க. இந்த விஷயத்துல லோவி சொன்னதுதான் சரி, எனக்கு சந்தேகமே இல்ல.

அதே லோவிதான் 1930கள்ல கண்ணீர்துளி வடிவத்துல ஒரு பென்சில் ஷார்ப்னருக்கு முன்மாதிரி செஞ்சவரு. 1935 டிசம்பர்ல டிசி-3 பயணிகள் விமானம் பறந்துச்சு, அந்த காலம் முழுக்க காத்துல வழுக்குற உருவம்தான் ஃபேஷன், நகராத டோஸ்டருக்கும் ரேடியோவுக்கும் கூட அந்த வளைவ குடுத்தாங்க. லாக்ஹீட் பி-38 போர் விமானத்தோட ரெட்டை வால பாத்துதான் ஜெனரல் மோட்டார்ஸோட ஹார்லி ஏர்ல் டிசைன் குழு 1948 காடிலாக்ல பின்னாடி துடுப்பு வச்சுது, அது வளந்து வளந்து 1959ல ராக்கெட் மாதிரி ஆயிடுச்சு. கார ஓட்ட அந்த துடுப்பு ஒண்ணுமே செய்யாது. காரணம் இல்லாத உருவம்னு இத ஒதுக்குற இன்ஜினியருங்க இருக்காங்க, நான் அந்த கட்சி இல்ல. பறக்கணும்ங்கற ஆசை ஒரு தலைமுறைய எப்படி பிடிச்சு ஆட்டுச்சுன்னு அந்த துடுப்பு அப்படியே காட்டுது. ஆனா ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கக்கூடாது, பி-38ல அந்த வால் இல்லாம விமானம் பறக்காது.

இன்னைக்கு ரெட்ரோங்கற பேர்ல வர்றதுல பெரும்பாலும் காடிலாக் வகை, கூடவே நாசாவோட வார்ம் லோகோ (புழு மாதிரி வளைஞ்ச எழுத்துல நாசா பேரு) போட்ட டீ-ஷர்ட். அந்த லோகோ நல்ல வேலைதான், ரிச்சர்ட் டானும் புரூஸ் பிளாக்பர்னும் 1975ல செஞ்சது, ஏ எழுத்துல குறுக்கு கோடே இல்லாம ராக்கெட் மூக்கு மாதிரி நிக்கும், 1992ல தூக்கிட்டு 2020ல திரும்ப கொண்டு வந்தாங்க. ஆனா பழச பாத்து இப்போ செய்ற மிஷினுக்கு எடுத்துக்க வேண்டியது எழுத்துருவும் ஆரஞ்சு நிறமும் மட்டும்னு நினைச்சா நல்ல சரக்கு முழுக்க கை விட்டு போயிடும். கைக்கு தெரியுற வடிவம், பட்டா தட்டாத காவல், பாக்காமலே நிலை தெரியுற லீவர், இதெல்லாம் எடுத்துக்கணும். 2017ல அமெரிக்க கடற்படையோட ஜான் எஸ் மெக்கெய்ன் கப்பல் மோதி 10 பேர் இறந்தாங்க, டச் ஸ்கிரீன்ல ஸ்டீயரிங்கும் த்ராட்டிலும் (வேகத்த கூட்டி குறைக்கிற கண்ட்ரோல்) யார் கைல இருக்குன்னு குழம்புனது விசாரணைல வெளிய வந்துச்சு, அதுக்கப்புறம் கடற்படை த்ராட்டில கையால பிடிக்கிற மாதிரி திரும்ப மாத்த முடிவு பண்ணுச்சு. 2020 மே 30ல ஆளோட கிளம்புன ஸ்பேஸ்எக்ஸ் க்ரூ டிராகன்ல பெரிய டச் ஸ்கிரீன்கள் இருக்கு, எல்லாரும் அத பத்திதான் பேசுனாங்க. அதுக்கு கீழ பாருங்க, அவசரத்துக்கு நிஜ பட்டன்கள் ஒரு வரிசை இருக்கும், நடுவுல பிடிச்சு இழுக்குற கைப்பிடி ஒண்ணு. கையுறையோட, ராக்கெட் அதிர்ற அதிர்ச்சில, உடம்பு சீட்டோட அழுந்திக்கிடக்கும்போது எத நம்பலாம்னு அங்கயும் யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க.

இது பிடிச்சிருந்தா பொம்மை வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. அப்போலோ 11ல ஓடுன புரோகிராம்கள், கட்டளைக் கலத்தோட கமான்ச்சியும் இறங்குகலத்தோட லூமினரியும், பேப்பர்ல இருந்து ஸ்கேன் பண்ணி முழுசா இலவசமா கிடைக்குது, விர்ச்சுவல் ஏஜிசின்னு ஒரு சிமுலேட்டர்ல ஓட்டியும் பாக்கலாம். வெர்ப் 35 போட்டு என்டர் அடிங்க, விளக்கு டெஸ்ட், எல்லா எண்ணும் எட்டாகி எல்லா எச்சரிக்கையும் ஒண்ணா எரியும். அப்புறம் லூமினரில எக்ஸிக்யூட்டிவ் ஃபைல திறந்து 1202ங்கறத தேடுங்க, அந்த அலாரம் எந்த வரில இருந்து கிளம்புதுன்னு பாத்துட்டு அதுக்கு மேல இருக்குற கோட பொறுமையா படிங்க, ரொம்ப நீளம் இல்ல.